இஸ்திரிக்காரர் வீட்டுச் சுரைப்பூ

இல்லை, இல்லவே இல்லை. மூலை வீட்டுக்காரி சொன்னதில் பாதிதான் நடந்தது. மீதிப் பாதி, நடந்ததற்கு அவளே வைத்த கண், காது, மூக்கு. என் மருமகள் பொழுது சாயும் நேரத்தில் பின்சந்து வழியாக இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போனது உண்மை. கையில் மூடி போட்ட டப்பா இருந்ததும் உண்மை. போகும்போது ஓட்டமாகப் போனாள், வரும்போது தலையில் தண்ணீர்க் குடம் இருப்பவள் மாதிரி மெல்ல வந்தாள், அதுவும் உண்மைதான். ஆனால் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருத்தியாவது வாயைத் திறந்து கேட்டாளா? கேட்டிருந்தால் நானே திறந்து காட்டியிருப்பேன். உள்ளே ஈரத்துணி. துணிமேல் ஒரு சுரைப்பூ. ஒரே ஒரு வெள்ளைப் பூ.

இதைச் சொன்னால் "ஒரு பூவுக்கா இவ்வளவு?" என்று முகவாயில் கை வைக்கிறார்கள். ஆமாம், ஒரு பூவுக்குத்தான். உட்கார்ந்து கேட்டால் முதலிலிருந்து சொல்வேன். நின்றுகொண்டு கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதில்லை.

என் மருமகள் கார், வேன் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். ரெக்சினைப் பிடித்து இழுத்து, ஊசிக்கு அடியில் கொடுத்துத் தைக்கிற வேலை. மெல்லிய கைக்கு ஆகாது. நாள் முழுக்க மெஷினை மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் அவள் கால் நிற்காது. அதனால் தெருவில் அவளுக்கு 'மெஷின்' என்றே பெயர். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கோபித்துக்கொள்ள மாட்டாள். என் மகன் பஸ் பட்டறையில் மெக்கானிக். இவர்கள் இரண்டு பேரும் நானும்தான் வீட்டில்.

வீட்டின் பின்னால் கொஞ்சம் மண் தரை உண்டு. இரண்டு கட்டில் போட்டால் மூன்றாவதற்கு இடம் இருக்காது. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் பின்சந்துக்குப் போகும் தகரக் கதவு. உடைந்த பக்கெட்டும் பழைய டயரும் கிடந்த இடம். போன கோடை தொடங்குவதற்கு முன்னால் அவள் அதைக் கொத்த ஆரம்பித்தாள். கோடையில் யாராவது செடி வைப்பார்களா என்று நான்கூடத் திட்டினேன். அவள் காதில் வாங்கவில்லை. வெண்டை, தக்காளி, மிளகாய், குழாயடியில் கொஞ்சம் புதினா, சுவர் ஓரமாக ஒரு சுரை.

வெயில் ஏறியது. தெருவில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். நடுப்பகலில் காக்கைகூடக் குரல் கொடுக்காது. இவள் கடையில் மிஞ்சிய ரெக்சின் துண்டுகளைக் கொண்டுவந்து, ஓரம் மடித்துத் தைத்து, நாலு மூலையிலும் கயிறு கோத்துச் செடிகளுக்குக் கூரை கட்டினாள். தக்காளிக்குச் சிவப்புக் கூரை, மிளகாய்க்கு நீலம். வெண்டைக்குப் புலித்தோல் மாதிரி கோடு போட்ட ரெக்சின், ஏதோ வேன்காரர் ஆசைப்பட்டுக் கேட்டதில் மிஞ்சியது. எதிர்வீட்டுப் பூனை சுவர்மேல் வந்து அதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். காபி ஆறிப்போகும். "அத்தை, இங்க பாருங்க. அத்தை, இதைத் தொட்டுப் பாருங்க." நேற்று விரல் நுனி அளவு இருந்த வெண்டை இன்றைக்கு விரலாகியிருக்கும். இலைக்கு அடியில் ஒளிந்திருந்த மிளகாயைக் கண்டுபிடித்தால் அவளுக்குத் தங்கச் சங்கிலி கண்டெடுத்த முகம். மாலையில் காய் கழுவிய தண்ணீர், துணி அலசிய கடைசித் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும். சுட்ட மண் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு சத்தம் வரும், கவனித்திருக்கிறீர்களா? தாகத்தோடு வந்தவன் ஒரே மூச்சில் குடிப்பது போல. அந்தச் சத்தத்தைக் கேட்கவே நான் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். உள்ளே மின்விசிறி அனல் காற்றை வீசிக்கொண்டிருக்கும். வெளியே புதினா வாசனை. யாருக்கு வேண்டும் உள்ளே?

சுரைதான் எல்லாவற்றையும் மிஞ்சியது. மற்றச் செடிகள் வெயிலைக் கண்டு தலையைத் தொங்கப் போட்டால், அது வெயிலைத் தின்று வளர்ந்தது. காலையில் சுவரின் பாதியில் இருந்த நுனி, மாலையில் சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கும்.

இந்த சந்தோஷத்துக்கு நடுவில்தான் என் மகனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரொம்ப நாள் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. தெருவில் வெயிலில் நின்று நின்று அதன் சீட்டு வெடித்துவிட்டது. ஊருக்கெல்லாம் சீட்டு தைக்கிறவளின் புருஷன் கிழிந்த சீட்டில் உட்கார்ந்து போகிறான் என்று பட்டறையில் கேலி வேறு. அவன் முடிவு பண்ணிவிட்டான்: பின்பக்கம் முழுக்க சிமென்ட் போட்டு, மேலே தகரம் இறக்கி, வண்டியை உள்ளே விடுவது. மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டான். அடுத்த தெருவில் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுந்துகொண்டிருந்தது. அது முடிந்த கையோடு வருவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

அன்றைக்கு நடந்த சண்டையை நான் முழுக்கச் சொல்லப்போவதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, பாத்திரம்கூட உருளவில்லை. கடைசியில் அவன் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

"நாலு வெண்டைக்காய்க்கும் புலித்தோலுக்கும் இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அந்தக் கொடி சுவரையே மூடிடுச்சு, ஒரு பிஞ்சு உண்டா? நம்ம மூணு பேருக்கு ஒரு வேளைக்கு ஆகுற மாதிரி ஒரே ஒரு காய் காட்டு. மேஸ்திரி வர்றதுக்குள்ள காட்டிட்டா, நான் சிமென்ட்னு வாயையே திறக்க மாட்டேன்."

"சொன்ன சொல் மாறக்கூடாது" என்றாள் அவள்.

"நான் எப்போ மாறினேன்?"

அவன் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. கொடி நிறையப் பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. ஏன் காய்க்கவில்லை தெரியுமா? அவள் கையால்தான். சீட்டு உறை தைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தைத்து முடித்த துண்டைக் கையை விட்டு அனுப்புவதற்கு முன், தொங்குகிற நூலை எல்லாம் கத்தரித்துவிட வேண்டும். பிசிறு இருந்தால் முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார். கொடியில் நீளக் காம்போடு, பின்னால் பிஞ்சு இல்லாமல் வெறும் பூ பூத்தது. இவளுக்கு அது பிசிறு. காய்க்காத பூ கொடியின் சத்தை வீணாக்குகிறது என்று நூல் வெட்டும் கத்தரியை எடுத்து, தினமும் காலையில் மொட்டோடு நறுக்கிவிட்டாள். கொடி அவ்வளவு சுத்தமாக இருந்தது, பார்க்கவே அழகு. அப்புறம் பிஞ்சோடு பூ வந்தது. பூ வாடும், பிஞ்சு மஞ்சளாகும், கறுத்து விழும்.

துணி கொடுக்கப் போன இடத்தில் இஸ்திரிக்காரரிடம் புலம்பியிருக்கிறாள். அவர் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், தனியாக இருக்கிறார். அவருடைய தகரக் கொட்டகைமேல் யாரும் வைக்காத ஒரு சுரைக்கொடி தானாகவே ஏறிக் கிடக்கிறது. அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம்.

"ஏம்மா, நீ வெட்டினது பூரா மாப்பிள்ளைப் பூ. மாப்பிள்ளைங்களை எல்லாம் ஊரை விட்டு விரட்டிட்டு, பொண்ணை மட்டும் சிங்காரிச்சு உட்கார வெச்சா கல்யாணம் எப்படி நடக்கும்?"

சுரைப்பூ பொழுது சாய்ந்த பிறகுதான் விரியும், விடிந்தால் வாடிவிடும். ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிட்டால் பிஞ்சு பிடிக்கும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். தன் கொட்டகைமேல் இருந்து ஒரு பூவை அலக்குக் கழியால் பறித்தும் தந்தார்; எங்கள் கொடியில் ஆண் மொட்டு மறுபடி வரும்வரை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றவில்லை, என்னிடம் பேசவில்லை, நேராகப் பின்பக்கம் ஓடினாள். அப்புறம் என்னை வரச்சொல்லி ஒரே அழைப்பு. நான் டார்ச் பிடித்தேன்.

முதல் பூ வீணாயிற்று. ரெக்சினை அழுத்தி அழுத்திப் பழகிய கை, பூவை நசுக்கிவிட்டது. இரண்டாவது நன்றாகப் பிடித்தது. பிஞ்சு கட்டைவிரல் அளவுக்கு வந்தபோது அணில் கடித்துவிட்டது. அன்றைக்கு அவள் அணிலைத் திட்டிய திட்டை இங்கே சொல்ல முடியாது. அதற்கிடையில் பள்ளிக்கூடச் சுவர் ஏறிக்கொண்டே இருந்தது. கடைக்குப் போகும் வழியில் அவள் அதைப் பார்த்துவிட்டு வருவாள். சுவர் ஒரு வரிசை ஏறினால் அவள் முகம் ஒரு பிடி இறங்கும்.

புருஷனிடம் சொல்லேன் என்றேன். மாட்டேன் என்றாள். "நானே வெட்டிட்டு நானே காய்க்கலைன்னு அழுதேன்னு தெரிஞ்சா, பட்டறை பூரா சொல்லிச் சிரிப்பாரு அத்தை." பின்சந்து வழியாகப் போனதும் டப்பாவை மூடிக்கொண்டு வந்ததும் அதற்குத்தான். வேறு எதற்கும் இல்லை. ஆனால் மூலை வீட்டுக்காரியின் மாடியிலிருந்து பார்த்தால் பின்சந்து முழுக்கத் தெரியும். அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. பொழுது சாய்ந்தால் போகிறாள், தனியாக இருக்கிற ஆம்பளை, கையில் டப்பா, வீட்டுச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள் போல. அவள் சொன்னது இன்னொருத்தி வாயில் இரண்டாயிற்று. சுற்றிச் சுற்றிப் பட்டறை வரைக்கும் போய்விட்டது.

அன்று சாயங்காலம் என் மகன் சீக்கிரம் வந்தான். கைகூடக் கழுவவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவ எங்கேம்மா?"

கடையில், பள்ளிக்கூட வேன் ஒன்றின் சீட்டு மொத்தமும் இன்றைக்கே முடிக்க வேண்டுமாம், வர நேரமாகும் என்றேன்.

"தினமும் சாயங்காலம் எங்கே போறா?"

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை அவன் கேட்டதே இல்லை. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், போன் அடித்தது. அவள்தான். எனக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

"அத்தை, அந்த சுவரோரப் பிஞ்சுல பூ விரிஞ்சிடுச்சா பாருங்க. இன்னிக்கு விட்டா போச்சு அத்தை. பள்ளிக்கூடச் சுவர் முடிஞ்சிடுச்சு, பூசிட்டு இருக்காங்க, அதுவும் ஆயிட்டா மேஸ்திரி நம்ம வாசல்ல நிப்பாரு. என்னால வர முடியல. இஸ்திரி அண்ணன் பூ பறிச்சு வெச்சிருப்பாரு, உங்க மூட்டுவலியோட நீங்களும் போக முடியாது. நான் என்ன பண்ணுவேன் அத்தை? அந்தக் கத்தரியை எடுத்து என் கையை வெட்டணும். எல்லா ஆண் பூவையும் நானே வெட்டித் தொலைச்சேன். அவருக்குச் சொல்லிடாதீங்க."

பேசிக்கொண்டே அவள் அழுதாள். மெஷின் சத்தம் பின்னால் கேட்டது. என் மகன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் குனிந்து போனில் கேட்டான்.

"எந்தப் பூ? நீளக் காம்பா, குட்டைக் காம்பா?"

அந்தப் பக்கம் மெஷின் நின்றுவிட்டது.

"என்னங்க..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. வெளிச்சம் போகுது."

"நீளம்" என்றாள்.

அவன் பின்சந்துக்குப் போகவில்லை. முன்வாசலைத் திறந்துகொண்டு, பட்டறைச் சட்டையோடு, மூலை வீட்டுக்கு முன்னாலேயே நடந்து போனான். திரும்பி வரும்போது டப்பாகூட இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரண்டு விரலுக்கு நடுவில், ஒரு வெள்ளைப் பூவை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். மூலை வீட்டுக்காரி மாடியில் நின்றாள். அவளுக்கு வணக்கம் வேறு வைத்தானாம், இஸ்திரிக்காரர் பிற்பாடு சொல்லிச் சிரித்தார்.

பின்பக்கத்தில் நான் ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் போனும் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் போனிலிருந்தே அவனை நடத்தினாள். ஆண் பூவின் இதழை எல்லாம் பிய்க்கச் சொன்னாள், பிய்த்தான். கையைத் துடைக்கச் சொன்னாள், துடைத்தான். அழுத்தாதே என்று பத்துத் தரம் சொன்னாள்.

"ஸ்பார்க் பிளக்கைக் கையால திருகி மாட்டுவீங்கல்ல, முதல் சுத்து? அந்த மாதிரி."

"எனக்கு ஸ்பார்க் பிளக் சொல்லித் தர்றியா?" என்றான். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான். பெரிய பஸ் எஞ்சினுக்குள் தலையை விட்டு வேலை செய்கிறவன், அந்தப் பூவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தடவினான். மஞ்சள் பொடி ஒட்டியது. "ஒட்டிடுச்சு" என்றான். அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்கவில்லை போல, இன்னொரு தரம் சொன்னான். "ஒட்டிடுச்சுடி, ஒட்டிடுச்சு."

அவள் வந்ததும் அவன் ஊர்ப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்டின கதையைத்தான் சொல்லச் சொல்லி, சொல்லச் சொல்லிச் சிரித்தான். அவளும் முதலில் முறைத்தாள், அப்புறம் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பிஞ்சு கறுக்கவில்லை. மறுநாள் பார்த்தால் பச்சையாகவே இருந்தது. அதற்கு மறுநாள் கீழே வளைந்து தலையைத் தொங்கவிட்டது. விடிந்ததும் யார் முதலில் போய்ப் பார்ப்பது என்று இரண்டு பேருக்கும் போட்டி. அவன் ஸ்பானர் பெட்டியிலிருந்து அளவு நாடாவைக் கொண்டுவந்து சுற்றளவு பார்ப்பான். அவள் அணிலுக்குப் பயந்து, காய்க்கு அளவெடுத்து வலைத்துணியில் ஒரு சட்டை தைத்தாள். காய் வளர வளர அந்தச் சட்டையைப் பிரித்துப் பெரிதாக்குவாள். பட்டறையில் எல்லோருக்கும் போனில் படம் காட்டியிருக்கிறான். பிள்ளை பிறந்தவன்கூட இவ்வளவு பண்ண மாட்டான் என்று அங்கே சொன்னார்களாம்.

பூச்சும் முடிந்தது. மேஸ்திரி ஒரு காலையில் சாந்துச் சட்டியும் கரண்டியுமாக வந்து நின்றுவிட்டார். காய் அப்போது என் முன்னங்கை நீளம். ஆனால் ஒல்லி. மூன்று பேருக்கு ஒரு வேளைக்கு ஆகும் என்று கற்பூரம் அடித்துச் சொல்ல முடியாது. அவள் தகரக் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ரெண்டு மூணு நாள் போனா நிச்சயம் ஆகும்" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று எனக்கே தெரியவில்லை.

மேஸ்திரி, இன்றைக்கு விட்டால் மழை முடிந்துதான் வர முடியும், அவ்வளவு வேலை இருக்கிறது என்றார். என் மகன் வாசலில் வெயிலில் நின்ற வண்டியைப் பார்த்தான். காயைப் பார்த்தான். அவளைப் பார்க்கவே இல்லை.

"மேஸ்திரி, மழை முடிஞ்சும் வேணாம். இங்க சிமென்ட் போட முடியாது."

"நீதானேப்பா கூப்பிட்டே?"

"அப்ப அது அவ கொடி. இப்ப நான் காய் பிடிக்க வெச்சிருக்கேன்."

"யாரு, நீங்களா?" என்று இவள் பாய்ந்தாள். "பூ யாரு கேட்டு வெச்சது? வழி யாரு சொன்னது? கை மட்டும்தானே உங்களுது?"

"அப்போ கையை எடுத்துக்கறேன், சிமென்ட் போடட்டுமா?"

மேஸ்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். போகும்போது அந்தக் காயை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். "பிஞ்சு. அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டிக்கு அவள் அந்த வாரமே மழை வெயில் தாங்கும் பெரிய உறை ஒன்றும், கிழிந்த சீட்டுக்குப் புதிதும் தைத்துப் போட்டாள். புலித்தோல் வேண்டாம் என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கறுப்பிலேயே தைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் காயை அறுத்தாள். அதைப் பிடித்துத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், தண்ணீர் கசிந்தது. நடுவில் வெட்டிப் பாதியை அடுப்படியில் வைத்தாள். மற்றப் பாதியைத் துணியில் சுற்றாமல் அப்படியே கையில் எடுத்துக்கொண்டாள். வெளியே போகிறபோது கட்டும் புடவையைக் கட்டியிருந்தாள், தலையை நன்றாக வாரியிருந்தாள்.

பின்சந்து பக்கத்தில்தானே இருக்கிறது என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"தெரியும் அத்தை" என்றாள்.

முன்வாசல் கதவை இரண்டு பக்கமும் திறந்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். மூலை வீட்டுக்காரி துடைப்பத்தோடு வெளியே நின்றிருந்தாள். இவள் கிட்டே போனதும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்கேம்மா, இவ்வளவு காலையில?"

"இஸ்திரி அண்ணன் வீட்டுக்குத்தான் அக்கா. மாடிக்குப் போனா நல்லாத் தெரியும், பாருங்க."

அப்புறம் வெட்டின பக்கம் வெளியே தெரியும்படி அந்தக் காயை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நிழல் விழுந்திருந்த ஓரத்தை விட்டுவிட்டு, நல்ல வெயிலில், தெருவின் நடுவே நடந்து போனாள்.